அம்மாவைச் சுமந்து மாடியேற எவ்வளவு வலு வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 49. வேளச்சேரிப் பக்கம் ஓர் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் மனைவி, 16 வயது மகள், 74 வயது அம்மா ஆகியோருடன் வசிக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மூன்றாம் தேதி இரவு பத்து மணிக்கே தெருவில் தண்ணீர் நின்றது. “இறங்கிடும்ப்பா, என்னால படி ஏற முடியாது” என்று அம்மா சொன்னதால் காத்திருந்தோம். அதிகாலை நான்கு மணிக்கு வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. மூட்டுத் தேய்மானம் உள்ள அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு மாடிக்குக் கிளம்பினேன். படி திரும்பும் இடம்வரைகூடப் போக முடியவில்லை. நெஞ்சு படபடத்துக் கண் இருட்டிவிட, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் மாடியில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்கள் இருவர் ஒரு நாற்காலியில் அம்மாவை வைத்துத் தூக்கிச் சென்றார்கள். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. என் எடை 82 கிலோ, அம்மா 60 கிலோ. எனக்கு இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. 14 கிலோவில் ஓர் அவசரகாலப் பையும் தயாராக வைத்திருக்கிறேன். இந்த மழைக்காலத்துக்குள் அம்மாவைத் தனியாகச் சுமக்கும் அளவுக்கு உடம்பைத் தேற்ற முடியுமா? ஜிம்மில் சேரலாமா? மகள் நீச்சல் கற்க வேண்டும் என்கிறாள். மனைவி வீட்டையே மாற்றுவோம் என்கிறார்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

அந்த வெட்கத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது தவறான கணக்கின்மேல் நிற்கிறது. ஒரு தளத்துக்கு ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம், 18 முதல் 20 படிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு மெதுவாகப் படியேறினாலே உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலைப்போல நான்கு மடங்கு செலவாகிறது. உங்கள் 82 கிலோவோடு அம்மாவின் 60 கிலோவும் சேர்ந்தால் ஒவ்வொரு படியிலும் நீங்கள் மேலே தூக்குவது 142 கிலோ. செலவு ஏழு மடங்கை நெருங்கும். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத ஐம்பது வயதுக்காரர் பலருக்கு உச்சவரம்பே அதற்குச் சற்று மேலேதான் இருக்கும். தூக்கமில்லாத இரவு, குளிர்ந்த தண்ணீர், இருட்டு, பதற்றம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால், நீங்கள் பாதிப் படியில் உட்கார்ந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இன்னும் சொல்லப்போனால், அன்று இரவு நீங்கள் செய்தவற்றுள் மிகச் சரியான காரியம் அதுதான். பழக்கமில்லாத உடல் திடீரெனக் கடுமையான உழைப்பில் இறங்கும் நேரத்தில்தான் மாரடைப்பின் அபாயம் பல மடங்கு ஏறுகிறது. இரத்த அழுத்தம் உள்ளவர் கண் இருட்டிய பிறகும் வீம்புக்காக ஏறியிருந்தால், அந்த மாணவர்கள் ஒருவருக்குப் பதில் இருவரைச் சுமக்க வேண்டியிருந்திருக்கும்.

ஆகவே, அம்மாவைத் தனியாகச் சுமக்கும் அளவுக்கு உடம்பைத் தேற்ற முடியுமா என்ற கேள்விக்கு என் விடை, அந்த இலக்கையே கைவிட்டுவிடுங்கள் என்பதாகும். நல்ல உடல்வலு உள்ள இளைஞர்கூட அறுபது கிலோ மனிதரை ஈரப் படியில் தனியே சுமப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கால் ஒருமுறை வழுக்கினால் இருவரின் இடுப்பெலும்புக்கும் ஆபத்து. ஆனால் உடல்தகுதிக்கும் உங்கள் குடும்பத்தின் பாதுகாப்புக்கும் உள்ள தொடர்பு உங்கள் கடிதத்திலேயே வேறோர் இடத்தில் இருக்கிறது. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். இரவு பத்து மணிக்குத் தெருவில் தண்ணீர் நின்றது, நான்கு மணிக்குத்தான் கிளம்பினீர்கள். நடுவில் போன ஆறு மணி நேரத்தை விழுங்கியது அம்மாவின் “என்னால படி ஏற முடியாது” என்ற ஒரு சொல். மாடி ஏறுவது மலையேறுவதுபோல் தோன்றும் வீட்டில், கிளம்பும் முடிவு எப்போதும் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிப்போகும். இதை வெள்ளத்துக்குப் பிறகு சிகிச்சைக்கு வந்த பல குடும்பங்களிடம் கேட்டிருக்கிறேன். பெரியவர் படிக்கு அஞ்சினார், பிள்ளைகள் பெரியவரை வற்புறுத்த அஞ்சினார்கள், தண்ணீர் யாருக்கும் அஞ்சாமல் ஏறிக்கொண்டிருந்தது. ஆகையால் நீங்கள் உழைக்க வேண்டிய முதல் உடல் உங்களுடையதன்று, உங்கள் தாயாருடையது.

74 வயதில் மூட்டுத் தேய்மானத்தோடு உடற்பயிற்சியா என்று நீங்கள் தயங்கலாம். மூட்டுத் தேய்மானத்துக்கு முதல்நிலைச் சிகிச்சையாக இன்று உலகெங்கும் பரிந்துரைக்கப்படுவதே தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சிதான். வலிக்கிறதே என்று காலை ஓய்வில் வைக்க வைக்க, மூட்டைத் தாங்க வேண்டிய தசை மெலிந்து, வலி கூடுகிறது. முப்பது வயதுக்குப் பிறகு தசையின் அளவு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடுவரை குறைந்துகொண்டே வருகிறது, அறுபதுக்குமேல் அந்த வேகம் கூடுகிறது. இதற்குமேல் நம் வீடுகளில் நடந்த ஒரு மாற்றமும் உண்டு. உங்கள் தாயாரின் தலைமுறைப் பெண்கள் அடிபம்பில் தண்ணீர் அடித்து, குடத்தை இடுப்பில் வைத்து மாடி ஏறியவர்கள். தரையில் உட்கார்ந்து காய் நறுக்கி, குந்தி உட்கார்ந்து பாத்திரம் துலக்கியவர்கள். வலி வந்ததும் மேற்கத்தியக் கழிப்பறை, சாப்பாட்டு மேசை, கட்டில் என்று எல்லாவற்றையும் நாம்தான் உயர்த்திக் கொடுத்தோம். அது தேவையாகவும் இருந்தது. ஆனால் உயர்த்தியபோது பறிபோன உழைப்புக்கு மாற்றாக வேறொன்றையும் கொடுக்கவில்லை.

இன்று மாலையே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலி ஒன்றை, இருக்கையின் உயரம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் இருக்கும்படி தேர்ந்து, பின்பக்கம் சுவரில் முட்டுமாறு வையுங்கள். அம்மாவை அதன் நடுவில் உட்காரவைத்து, இரு கைகளையும் குறுக்காக மடித்து எதிர்த்தோள்களைத் தொடச் சொல்லுங்கள். பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிந்திருக்கட்டும். சேலைக் கொசுவம் காலடியில் மாட்டாமல் சற்று உயர்த்திச் செருகிக்கொள்ளட்டும். நீங்கள் பக்கத்தில் கைநீட்டினால் தொடும் தொலைவில் நின்றுகொண்டு, கைப்பேசியில் 30 விநாடி வைத்து, அந்த நேரத்துக்குள் எத்தனை முறை முழுமையாக எழுந்து நின்று மறுபடி உட்காருகிறார் என்று எண்ணுங்கள். எழுபதுகளில் உள்ள பெண்களுக்குப் பத்துக்குக் கீழே போனால் கால்வலு சராசரிக்குக் குறைவு, விழும் அபாயம் கூடுதல் என்பது இச்சோதனையின் அளவுகோல். கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியவில்லை என்றால் எண்ணிக்கை சுழியம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்காக மனம் உடைய வேண்டாம். என்னிடம் வருபவர்களில் சுழியத்தில் தொடங்கியவர்கள் உண்டு.

அந்தச் சோதனையேதான் பயிற்சியும். தொடக்கத்தில் இருக்கையின்மேல் கெட்டியான தலையணை ஒன்றை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொண்டு, தேவையானால் மேசையைத் தொட்டபடி, ஐந்து ஐந்து முறையாகக் காலையிலும் மாலையிலும் எழுந்து உட்காரட்டும். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனத்துக்குள் மூன்று எண்ணியபடி இறங்க வேண்டும், ஏனென்றால் தசை வலுப்பெறுவதில் அந்த மெதுவான இறக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. இரண்டு வாரத்தில் தலையணையை எடுத்துவிடலாம், பிறகு மேசையை விட்டுவிடலாம். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதையும், ஒற்றைக் காலில் சில விநாடி நிற்பதையும் பால் காயும் நேரத்திலேயே முடித்துவிடலாம். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் சொல்கிறது. பயிற்சியின்போது சற்று வலி இருப்பது இயல்பு. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தாலோ மூட்டு வீங்கினாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். கஞ்சியும் இட்லியுமாகவே சாப்பிடுபவர் என்றால் பருப்பு, சுண்டல், முட்டை போன்றவற்றைச் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

நான்காம் வாரத்திலிருந்து உண்மையான படிக்கு வாருங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். ஒவ்வொரு படியிலும் இரு பாதங்களையும் சேர்த்து நின்ற பிறகே அடுத்த படி. நீங்கள் எப்போதும் அம்மாவுக்குக் கீழ்ப்படியில், ஏறும்போது பின்னாலும் இறங்கும்போது முன்னாலும் நிற்க வேண்டும். முதல் நாள் மூன்று படி போதும். படி திரும்பும் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டால், இருபது படி என்பது பத்தும் பத்துமாக உடைந்துவிடும். நின்று ஏறவே முடியாத நாளுக்கும் ஒரு வழி உண்டு: படியில் முதுகை மேற்பக்கம் காட்டி உட்கார்ந்து, கைகளைப் பின்படியில் ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி ஏறுவது. பார்ப்பதற்குக் குழந்தை விளையாட்டுப்போல இருக்கும், பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். ஆனாலும் ஒத்திகையில் இரண்டு படியாவது அப்படி ஏறிப் பார்த்திருப்பது நல்லது. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, அம்மா தன் காலால் முதல் மாடியை அடைந்துவிடுவார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், அடுத்த முறை பத்து மணிக்கே கிளம்பிவிடுவீர்கள்.

இனி உங்கள் உடலுக்கு வருவோம். இரத்த அழுத்தம் பயிற்சிக்குத் தடையாகாது. கட்டுப்பாட்டில் இல்லாத அழுத்தம்தான் தடை. படபடப்பும் கண் இருட்டலும் ஒருமுறை வந்திருப்பதால், தொடங்குவதற்குமுன் உங்கள் மருத்துவரிடம் அந்த இரவு நடந்ததை மறைக்காமல் சொல்லி, தேவையான இதயப் பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். அழுத்தத்துக்கான மாத்திரைகளில் சில நாடித்துடிப்பைக் குறைத்துவிடும் என்பதால், கடிகாரம் காட்டும் துடிப்பின் எண்ணை நம்பிப் பயிற்சியின் கடுமையை அளக்க வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற அளவு வேகமே உங்களுக்கு உரியது. எடையைத் தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள். மூச்சைப் பிடித்து முக்கும் அந்தச் சில விநாடிகளில் இரத்த அழுத்தம் மளமளவென்று ஏறிவிடும்.

உங்களுக்கு நான் வைக்கும் இலக்கு எளிது: அக்டோபருக்குள், 15 கிலோ எடையோடு இரண்டு மாடி ஏறி, இறங்கி, மறுபடி ஏற வேண்டும், மூன்று தடவையும் நடுவில் நிற்காமல், மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிய வேண்டும். வெள்ள நாளில் உண்மையில் தேவைப்படுவது இதுதான். மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள், மின்தூக்கி ஓடாது. குடிநீர் கேன் 20 கிலோ, நிறைந்த எரிவாயு சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ, அரிசி, மருந்து, ஆவணங்கள் எல்லாம் மனிதர் காலால்தான் மேலே போகும். முதல் இரண்டு வாரம் தினமும் அரை மணி நேரம் சமதளத்தில் நடங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் உங்கள் கட்டடத்தின் படியையே ஏறுங்கள். பிறகு முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டு கிலோவாகக் கூட்டுங்கள். மற்ற இரண்டு நாள், அம்மா செய்யும் அதே நாற்காலிப் பயிற்சியை எடையை மார்போடு அணைத்தபடி நீங்களும் செய்யலாம். முதல் சில வாரங்களில் கூடும் வலு பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதால் வருவது; தசையே தடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆடியில் தொடங்கினால், வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் அக்டோபர் மூன்றாம் வாரத்துக்கு அது சரியாக இருக்கும்.

ஜிம்மில் சேருவதில் எனக்கு மறுப்பில்லை. சேர்ந்தால் பயிற்சியாளரிடம், கண்ணாடியில் தெரியும் தசைகளுக்குமுன் தொடை, இடுப்பு, முதுகு, கைப்பிடி வலு ஆகிய நான்கும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தூக்கும் முறையைக் கற்றுக்கொள்வதற்கும் அது நல்ல இடம். இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடிப் பெரியவர்களுக்குத் தண்ணீர் கேன் சுமந்தேன். நாள் முழுவதும் மற்றவர்களுக்கு முதுகை வளைக்காதீர்கள் என்று பாடம் நடத்துபவன், நான்காவது கேனை இடுப்பை முறுக்கித் தோளுக்கு ஏற்றியபோது முதுகு பிடித்துக்கொண்டது. அடுத்த மூன்று நாள் நானும் மாடியில் தண்ணீருக்குக் காத்திருக்கும் பட்டியலில் சேர்ந்துவிட்டேன். கேனை உடலோடு ஒட்டிப் பிடித்து, திரும்ப வேண்டுமானால் பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள்.

நாற்காலியில் தூக்கும் முறையை அந்த மாணவர்கள் சரியாகவே தேர்ந்தார்கள், ஆனால் பிளாஸ்டிக் நாற்காலி என்றால் கால் விரிந்து முறியும் அபாயம் உண்டு; கெட்டியான மரநாற்காலி ஒன்றை இதற்கென்று குறித்து வையுங்கள். தூக்கப்படுபவர் கீழ்ப்பக்கம் பார்த்து உட்கார, ஒருவர் முதுகுச்சாய்வைப் பிடித்து மேல்படியிலும், மற்றவர் முன்கால்களைப் பிடித்துக் கீழ்ப்படியிலும் நின்று, நாற்காலியைச் சற்றே பின்னால் சாய்த்தபடி ஏற வேண்டும். கீழே நிற்பவர்மேல்தான் கூடுதல் எடை விழும். ஆகவே இருவரில் வலுவானவர் கீழே. ஒரு சேலையையோ துண்டையோ இடுப்பைச் சுற்றி நாற்காலியோடு கட்டிவிட்டால் அம்மா சரியமாட்டார். இதை முதலில் பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்தும், பிறகு உங்கள் மகளை உட்காரவைத்தும் பழகுங்கள். அந்த மாணவர்கள் இந்நேரம் படிப்பு முடிந்து போயிருக்கக்கூடும். இந்த ஆண்டு மேல்மாடியில் யார் இருக்கிறார்கள், யாருடைய முதுகு நன்றாக இருக்கிறது என்று மழைக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும். 2015 டிசம்பரில் பல பகுதிகளில் கைப்பேசித் தொடர்பே அறுந்துபோனதால், 108ஐயும் 112ஐயும் மட்டுமே நம்பியிருக்க இயலாது.

உங்கள் அவசரகாலப் பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 14 கிலோ பையை நீங்கள் கட்டிவைத்த நாளுக்குப் பிறகு ஒருமுறையாவது முதுகில் மாட்டியிருக்கிறீர்களா? இல்லை என்பதே என் ஊகம். அம்மாவைப் பின்னாலிருந்து தாங்க வேண்டியவரின் முதுகில் அந்தப் பை இருக்கக் கூடாது. மருந்து, ஆவணங்கள், டார்ச், மின்சேமிப்பி, ஒரு மாற்றுடை, இரண்டு லிட்டர் தண்ணீர் என்று ஆறு கிலோவுக்குள் கொண்டுவந்து அதை உங்கள் மனைவியோ மகளோ சுமக்கும்படி மாற்றுங்கள். மீதியை இப்போதே மேல்மாடி நண்பர் ஒருவர் வீட்டில் வைத்துவிடலாம்.

மகள் சொல்வதை மறுக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது நம் கடலோர ஊர்கள் பலவற்றில் ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக இறந்தார்கள். பலருக்கு நீந்தவும் மரமேறவும் பழக்கமில்லாதிருந்ததும், சேலை காலைக் கட்டியதும், பிள்ளைகளை விடாமல் தூக்கிக்கொண்டு ஓடியதும் அதற்குக் காரணங்கள். நீச்சல் தெரிந்தவருக்குத் தண்ணீரில் பதற்றம் குறைவு, அதுவே பெரிய நன்மை. ஆனால் நீச்சல்குளத்துத் திறமையை நம்பித் தெருவெள்ளத்தில் இறங்கக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே நிற்கும் மனிதரைத் தள்ளிவிடும். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. தேங்கிய தண்ணீரில் நடக்க நேர்ந்தால், ஒரு கழியால் முன்னே குத்திப் பார்த்துக்கொண்டு, பாதாளச் சாக்கடை மூடியும் மழைநீர் வடிகாலும் இருக்கும் ஓரங்களை விட்டு விலகி, செருப்பு கழலாதபடி கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். காலில் புண்ணோடு அந்தத் தண்ணீரில் நடந்தவர்கள், எலிக்காய்ச்சல் குறித்துப் பிறகு மருத்துவரைக் கேட்பது நல்லது.

வீட்டை மாற்றுவது குறித்து உங்கள் மனைவி சொல்வது நான் எழுதிய எல்லாவற்றையும்விட உறுதியான பாதுகாப்பு. வாடகையும் பள்ளியும் இடம்கொடுத்தால் அவர் பேச்சைக் கேளுங்கள், முதல் மாடிக்கு மாறினாலும் அம்மாவின் நாற்காலிப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். மாற முடியாதென்றால், எந்த அளவில் கிளம்புவது என்பதை மழையில்லாத இன்றே நால்வரும் உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள். வாசல்படியின் முதல் கல்லைத் தண்ணீர் தொட்டதும் அம்மா ஏறத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கல்லில் ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டால், நள்ளிரவில் யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டியிராது. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி தொடர்ந்து முதல் மாடிவரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய அடுக்ககங்கள் பலவற்றில் அது திரும்பும் இடத்தோடு நின்றுவிடும், அல்லது கையை வைத்தால் ஆடும். அப்படி இருந்தால், குடியிருப்போர் சங்கக் கூட்டம்வரை காத்திராமல், இந்த வாரமே வெல்டரை வரவழைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள்.